இன்னும் ஏமாறாதவர்களுக்கான கவுண்டர்

ஈப்போவில், போனில் முதலீடு என்று பேசி ஏமாற்றுகிறவர்களிடமிருந்து எளிய மக்களைக் காப்பாற்ற ஒரு மையம் இருக்கிறது. வயதானவர்களும் முட்டி வலிக்காரர்களும்தான் அதிகம் வருவார்கள் என்பதால் அதை மூன்றாவது மாடியில் வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் உண்டு. அதன் கதவில் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. பக்கத்தில், லிஃப்ட் கெட்டுப்போயிருக்கிறது என்று இன்னொரு தாள். இரண்டாவது தாள்தான் வெயிலில் அதிகம் மங்கிப்போயிருந்தது.

ஐயாவு படியேறினார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கும்போது, எதிரே சுவரில் டத்தோ ஜெயபாலனின் படம் சிரித்தது. டத்தோ பட்டம் வாங்கியவர், மையத்தின் தலைவர். மேலே போகப் போகப் படம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அவர் வந்த விசயம் இதுதான். அவருடைய தங்கை பாப்பா புந்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் தினேஸ்வரி தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் நின்றே உழைத்த பாப்பாவுக்குச் சேமநிதிப் பணம் மொத்தமாக பேங்கில் கிடக்கிறது. வாடகை, மருந்து, கடைசி காலம் எல்லாமே அதுதான். அந்தப் பணத்துக்குப் போனில் ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் ஷர்வினாம்.

"அக்கா, நீங்க பதினோராங்கட்டைத் தோட்டந்தானே? எங்கம்மாவும் அந்தத் தோட்டந்தான்க்கா," என்றுதான் அவன் ஆரம்பித்தான்.

அந்தத் தோட்டத்தை எப்போதோ விற்றாகிவிட்டது. ரப்பர் மரத்தை வெட்டி, லயத்து வீடுகளை இடித்து, ஆட்களை ஆளுக்கொரு பக்கம் விரட்டியும் ஆகிவிட்டது. இப்போது ஒரு கம்பெனி அதே மண்ணில் முசாங் கிங் என்ற விலையுயர்ந்த டுரியான் பழமரம் நடுகிறதாம். பழைய ஆட்களுக்கு மட்டும் சலுகையாம். பணம் கட்டினால் ஒரு மரத்துக்குப் பாப்பாவின் பெயர் வைப்பார்கள். மரம் காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் மாதம் பிறந்தால் லாபம் வரும்.

"நீங்க பால் மரம் சீவுன அதே நெறையில, அதே வரிசையில உங்க பேருல மரம் நிக்கும்க்கா," என்றான் ஷர்வின்.

பாப்பா அழுதுவிட்டாள். அந்தத் தோட்டத்தில் அவளுடைய பெயரைச் சத்தமாகச் சொன்னது ஒரே இடத்தில்தான்: இருட்டோடு வரிசையில் நிறுத்தி ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில். அங்கேயும் பாதி நாள் தப்பாகத்தான் கூப்பிட்டார்கள்.

அவள் பணத்தை இன்னும் அனுப்பவில்லை. அதற்கு ஒரே காரணம் ஐயாவுவின் கை. அவர் கைராசிக்காரர் என்று தோட்டம் முழுக்கப் பேர். புதுக் கடையா, புது மோட்டரா, புது அடுப்பா, முதலில் ஐயாவு கை படவேண்டும். அந்தக் கை அவருக்கென்று எதையும் சம்பாதித்துக் கொடுத்ததில்லை, அது வேறு கதை. பாப்பா பேங்க் செயலியில் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டாள். பட்டனை அமுக்குவது மட்டும்தான் பாக்கி.

"நீ வந்து அமுக்கிட்டுப் போண்ணே. ஒரு அமுக்குதான்."

"இது ஏமாத்து வேல, பாப்பா."

"ஒனக்கு எல்லாமே ஏமாத்து வேலதான். தினேஸ்வரி கல்யாணத்துல பந்தல்காரனையும் அப்படித்தான் சொன்ன."

"அவனும் ஏமாத்துனான்ல!"

"பந்தல் போட்டான்ல?"

"பாதிப் பந்தல் போட்டான்!"

"மழையும் பாதிதான் பேஞ்சிச்சி. இப்ப நீ அமுக்குறியா இல்லையா? சனிக்கிழம மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள கட்டணும்னு தம்பி சொல்லியிருக்கு. ஒனக்கு மனசில்லன்னா சொல்லிரு. நான் வேற நல்ல கையாப் பாத்துக்கிறேன்."

அந்தக் கடைசிப் பேச்சுக்குத்தான் ஐயாவு பயந்தார். அதனால்தான் படியேறினார்.

மேலே குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது. கவுண்டரில் வெண்டி என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஏமாந்துட்டீங்களா அங்கிள்?" என்று அன்பாகக் கேட்டாள்.

"இல்லம்மா. என் தங்கச்சி. சனிக்கிழம ஏமாறப் போவுது."

"அப்ப திங்கக்கிழம வாங்க."

ஐயாவு தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார். "ஏமாறாம காப்பாத்தணும்மா. அதுக்குத்தான் வந்தேன்."

"இது ஏமாந்தவங்க கவுண்டர் அங்கிள். இன்னும் ஏமாறாதவங்களுக்கு அந்தப் பக்கம் புதுசா கட்டியிருக்கோம் பாருங்க."

பார்த்தார். கண்ணாடியும் மெத்தை நாற்காலியுமாக ஒரு கவுண்டர். குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"சனிக்கிழம டத்தோ வந்து ரிப்பன் வெட்டுவாரு. அதுக்கப்புறம் அங்க பேசலாம்."

"இப்ப அந்தப் பக்கமா நின்னு ஒரு வார்த்த பேசிக்கிறேனே?"

"எப்படி அங்கிள்? ரிப்பன் இருக்குல்ல."

ஆனால் வெண்டி நல்ல பெண். வந்த மனிதரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று, பெயரைப் பதிந்து அதிகாரியைப் பார்க்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னாள். அடையாள அட்டையின் ஐசி நம்பர் கேட்டாள். கொடுத்தார். பேங்க் கணக்கு நம்பர் கேட்டாள். அம்மா பெயர் கேட்டாள். பிறகு, "உங்க போனுக்கு இப்ப ஒரு ஆறு நம்பர் வரும், அதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க," என்றாள்.

வெண்டியின் தலைக்கு மேலே ஒரு பெரிய சுவரொட்டி ஒட்டியிருந்தது. ஐசி நம்பர், கணக்கு நம்பர், அம்மா பெயர், போனுக்கு வரும் ஆறு நம்பர் ஆகியவற்றை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று எழுதி, 'யார் கேட்டாலும்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. ஐயாவு விரலை நீட்டிக் காட்டினார்.

வெண்டி திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அது வெளியாளுங்களுக்கு லா அங்கிள். நாங்கதானே அதை ஒட்டுனோம்."

ஐயாவு படித்துக் காட்டினார். அன்று சாயந்திரமே அவருடைய போனுக்கு முன்பின் தெரியாத மூன்று பேர் கூப்பிட்டு, பெயர் சொல்லி நலம் விசாரித்தார்கள். ஒருவன் அவருடைய அம்மா பெயரையும் சொன்னான்.

அதிகாரியின் பெயர் கேப்ரியல். டை கட்டிய இளைஞர். அறை முழுக்கக் கேடயங்கள். ஐயாவு சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஐயா, உங்க தங்கச்சி எளியோரா?" என்று கேட்டார்.

"எளியவங்கதான் சார். தனியா இருக்கு. படிப்பு இல்ல."

"நீங்க சொல்லக்கூடாது. அவங்களே சொல்லணும். நாங்க எளியோரை மட்டுந்தான் பாதுகாக்க முடியும். அதுதான் எங்க அதிகாரம்."

"சரி, கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்றேன்."

"அதுல ஒரு சிக்கல் இருக்குங்கையா." கேப்ரியல் மேசைமேல் சாய்ந்தார். தனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "தன்னை ஈசியா ஏமாத்திறலாம்னு ஒருத்தர் தானே ஒத்துக்கிட்டா, அவருக்கு விழிப்புணர்வு வந்துருச்சின்னு அர்த்தம். விழிப்புணர்வு வந்தவரை நாங்க பாதுகாக்கத் தேவையில்ல. ஒத்துக்கலன்னா, அவர் எளியோர் இல்ல. அப்பவும் தேவையில்ல."

"அப்ப யாரத்தான் சார் பாதுகாக்குறீங்க?"

"அதைத்தான் ரெண்டு வருசமா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கோம்."

ஐயாவு எழுந்திருக்கப் பார்த்தார். கேப்ரியலுக்கு இரக்கம் வந்துவிட்டது. விதியில் இடம் இல்லாவிட்டாலும், தன் சொந்தப் பொறுப்பில், பாப்பாவுக்கு ஓர் எச்சரிக்கை அழைப்பு போட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அந்த அழைப்பைத் தயாரிக்கவே தனியாக ஒரு குழு இருக்கிறதாம். குரலுக்கு மட்டும் மூன்று சுற்று நேர்காணலாம்.

அந்த அழைப்பு வியாழக்கிழமை காலையில் வந்தது. ஐயாவு அப்போது பாப்பா வீட்டில்தான் பசியாறிக்கொண்டிருந்தார். தெரியாத நம்பர். பாப்பா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வணக்கம், எளியோரே!" என்றது ஒரு கம்பீரமான ஆண் குரல். "தாங்கள் விரைவில் ஏமாற்றப்படவிருப்பதாக எமக்குத் தகவல் கிட்டியுள்ளது. பதற்றம் கொள்ள வேண்டா. தாங்கள் எளியோர் எனில் எண் ஒன்றை அழுத்துக. எளியோர் அல்லர் எனில் எண் இரண்டை அழுத்துக. எதுவென உறுதியாகத் தெரியாதோர் காத்திருக்குக."

பாப்பா எதுவென்று தெரியாமல் காத்திருந்தாள். நாதஸ்வரம் வாசித்தார்கள். நல்ல வாசிப்பு. தோசை ஆறிப்போகிற அளவுக்கு வாசித்துவிட்டு, குரல் திரும்ப வந்தது.

"காத்திருந்தமைக்கு நன்றி. தற்போது தங்களது அடையாள அட்டை எண்ணை உள்ளிடுக."

பாப்பா போனை வெட்டினாள். "பாத்தியாண்ணே, எப்படி எப்படியெல்லாம் ஏமாத்துறானுங்க! ஐசி நம்பர் வேணுமாம்ல, தொரைக்கு!"

"ஏ, அது நம்மளக் காப்பாத்துறவங்க பாப்பா!"

"காப்பாத்துறவன் ஏன் மேளம் வாசிக்கிறான்?"

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஷர்வின்.

"பசியாறிட்டீங்களாக்கா? மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன்யா. இப்பத்தான் எவனோ ஒருத்தன் போன் போட்டு ஐசி நம்பர் கேட்டான்."

"ஐயையோ, குடுத்துறலையே?" ஷர்வினின் குரல் உண்மையாகவே பதறியது. "அக்கா, இப்பல்லாம் சென்டர்லேர்ந்து பேசுறேன், உங்களக் காப்பாத்துறேன்னு சொல்லித்தான் கேப்பானுங்க. நம்பிறாதீங்க. எது வந்தாலும் மொத என்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க. சனிக்கிழம ஒம்பதுலேர்ந்து பத்தர வரைக்கும் ராகு காலம், அந்த நேரத்துல மட்டும் கட்டிறாதீங்கக்கா."

"பாத்தியா?" என்றாள் பாப்பா அண்ணனிடம். "அந்தச் சென்டர்ல ஒனக்கு ராகு காலம் சொன்னாங்களா?"

சொல்லவில்லை. மாத்திரை போட்டீர்களா என்றும் யாரும் கேட்கவில்லை. ஐயாவு மறுபடி மூன்று மாடி ஏறினார்.

கேப்ரியல் விசயத்தைக் கேட்டதும் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "வெச்சிட்டாங்களா? பிரமாதம்! தெரியாத நம்பர், ஐசி கேட்டான், உடனே கட். அதைத்தானே நாங்க தொண்ட கிழியச் சொல்லிக்கிட்டிருக்கோம்!"

"சார், கூப்பிட்டது நீங்க."

"அதனாலதான் பெருமையா இருக்கு. இதுவரைக்கும் எங்க அழைப்பை ஒருத்தர்கூட முழுசாக் கேட்டதில்ல ஐயா. நூத்துக்கு நூறு வெற்றி."

"யாராச்சும் ஒரு ஆளு நேர்ல வந்து, பக்கத்துல உக்காந்து, அது பாஷையில பேசுனா கேக்கும் சார். பத்து நிமிசம் போதும்."

கேப்ரியல் முகம் வாடியது. "நேர்ல போறதுக்கெல்லாம் நிதி இல்லைங்கையா. எல்லாம் விழிப்புணர்வுக்கே போயிருது." பிறகு ஏதோ தோன்றி நிமிர்ந்தார். "ஒண்ணு செய்யுங்க. சனிக்கிழம காலையில மண்டபத்துல தொடக்க விழா. அங்கதான் ரிப்பனையும் கொண்டுபோய் வெட்டுறோம். தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க. டத்தோ பேச்சைக் கேட்ட யாரும் அதுக்கப்புறம் ஏமாந்ததா எங்களுக்குத் தகவலே இல்ல."

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ பேசியிருக்காரு?"

"இதுதான் மொத தடவ."

வேறு வழி இல்லை. ஐயாவு பாப்பாவிடம் விழா என்று மட்டும் சொன்னார். டத்தோ வருகிறார், குடை கொடுக்கிறார்கள், பிரியாணி உண்டு என்றார். பாப்பா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, கைப்பையில் போனை முழுசாகச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு மணிக்குள் எங்கேயாவது ஒரு நல்ல கை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது.

மண்டப வாசலில் ஆளுக்கொரு சட்டை கொடுத்தார்கள். ஏற்கனவே ஏமாந்தவர்களுக்குச் சிவப்பு, ஏமாறாதவர்களுக்கு மஞ்சள். மஞ்சள் சட்டைதான் நன்றாக இருந்தது என்பதால் ஏமாந்தவர்களும் அதையே கேட்டு வாங்கினார்கள். பிறகு எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, கை தட்டப் பழக்கினார்கள். கேப்ரியல் கையைத் தூக்கினால் தட்டவேண்டும், இறக்கினால் நிறுத்தவேண்டும். புந்தோங்கிலிருந்தும் பழைய தோட்டங்களிலிருந்தும் வந்த கூட்டம். சின்ன வயதிலிருந்தே பெரட்டில் நின்று பழகியவர்கள். ஒரே தடவையில் கற்றுக்கொண்டார்கள்.

டத்தோ ஜெயபாலன் வந்தார். மாலை, பொன்னாடை, விளக்கு எல்லாம் முடிந்து மைக்கைப் பிடித்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

"நானும் தோட்டத்துப் பிள்ளைதான்!" என்றார். கேப்ரியல் கையைத் தூக்கினார். தட்டினார்கள். "பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோப்பில் பிறந்தவன். என் தகப்பனார் அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்து, உங்களைப் போன்ற மக்களை வேலைக்கு அனுப்பியவர். உங்கள் கஷ்டம் என்ன என்பதை எங்கள் வீட்டு வராந்தாவிலிருந்து தினமும் பார்த்து வளர்ந்தவன் நான்!"

தட்டினார்கள்.

"மோசடி எதனால் நடக்கிறது? ஆசையினால். உங்கள் ஆசையினால். மோசடிக்காரனை நான் குறை சொல்லவே மாட்டேன். அவன் உழைக்கிறான். காலையில் எழுந்து போன் போடுகிறான். அந்தச் சுறுசுறுப்பு நம் மக்களிடம் உண்டா?"

தட்டினார்கள்.

"நம் மையத்துக்குக் கிடைத்த நிதியில் ஒரு காசு வீண் போகவில்லை என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். இந்த மண்டபம், இந்தப் பூ, அந்தப் பிரியாணி, என்னுடைய இந்தப் பொன்னாடை! ஏமாறுகிறவர்கள் இருக்கும் வரைக்கும் இந்த மையமும் இருக்கும். இந்த மையம் இன்னும் நூறு வருசம் இருக்கவேண்டும் என்று அந்த ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன்!"

கேப்ரியல் கையைத் தூக்குவதற்கு முன்பே தட்டினார்கள். ஐயாவு மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் பாப்பா கண் கலங்கியிருந்தாள். பேச்சைக் கேட்டுத் தங்கை மனம் மாறிவிட்டாள் என்று அவர் ஒரு நிமிடம் நினைத்தார்.

"எம்புட்டு நல்ல கை பாருண்ணே," என்றாள் அவள் மெதுவாக. "ஒவ்வொரு விரல்லயும் மோதிரம். தொட்டதெல்லாம் தொலங்குற கை."

ஐயாவு எழுந்து, "வா, போலாம்," என்றார். அப்போதுதான் மேடையில் கேப்ரியல், "அடுத்து நேரடிச் செயல்விளக்கம்! ஏமாறும் தறுவாயில் இருக்கும் நம் சகோதரி ஒருவரை மேடைக்கு அழைக்கிறோம்!" என்று பாப்பாவின் பெயரைச் சொன்னார். சரியாகவே சொன்னார். பாப்பா அண்ணன் கையை உதறிவிட்டு, வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். ஐயாவு பின்னாலேயே ஓடினார். மையத்தின் தொண்டர் ஒருவர் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உக்காருங்கையா. உங்க நன்மைக்குத்தான்."

மேடையில் பாப்பாவின் போனை ஒரு வயரால் பெரிய திரையோடு இணைத்தார்கள். அவள் செயலியைத் திறந்தாள். நிரப்பி வைத்திருந்த பக்கம் மண்டபம் முழுக்கத் தெரிந்தது.

"அம்மா, உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது," என்றார் டத்தோ. "சொல்ல மாட்டீர்கள் அல்லவா?"

"மாட்டேன் டத்தோ."

"கெட்டிக்காரி. இப்போது அதை இங்கே போடுங்கள், எல்லாரும் பார்க்கட்டும்."

பாப்பா போட்டாள். எல்லாரும் பார்த்தார்கள்.

டத்தோ போனைத் தன் கையில் வாங்கினார். "இதோ இந்தப் பட்டன். இதை அமுக்கினால் என்ன ஆகும்? மொத்தமும் போய்விடும்! எந்தக் காரணத்தைக் கொண்டும் இதை அமுக்கக்கூடாது!" விரலை நீட்டிக் காட்டினார்.

"டத்தோ, கொஞ்சம் கிட்ட!" என்றான் ஒரு படக்காரன். "வெரலு பட்டன் மேல இருந்தாத்தான் படம் நல்லா வரும்!"

டத்தோ விரலைப் பட்டன் மேல் வைத்துச் சிரித்தார். விளக்கு மின்னியது. திரையில் பக்கம் மாறி, 'உறுதியாக அனுப்பவா?' என்று இன்னொரு பட்டன் வந்தது.

"சார், அமுக்காதீங்க சார்!" என்று ஐயாவு கத்தினார்.

"கேட்டீர்களா? அமுக்காதீங்க என்கிறார்! இதுதான் விழிப்புணர்வு!" என்றார் டத்தோ.

"டத்தோ, நான் எடுக்கல, ஒன்ஸ் மோர்!" என்றான் தமிழ்ப் பத்திரிகைக்காரன்.

டத்தோ தமிழ்ப் பத்திரிகையை என்றைக்கும் ஒதுக்கியவர் அல்லர். அதே சிரிப்போடு மறுபடியும் விரலை வைத்தார்.

போன் 'டிங்' என்றது. திரையில் ஒரு பச்சை வட்டம் வந்து, 'வெற்றி' என்றது. கேப்ரியல் கையைத் தூக்கினார். மண்டபமே தட்டியது. பாப்பா குனிந்து டத்தோவின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐயாவு தொண்டரைத் தள்ளிவிட்டு மேடைப் படிக்கு வந்து கேப்ரியலைப் பிடித்தார். "சார், பணம் போயிருச்சி! நெசமாவே போயிருச்சி! ஏதாச்சும் செய்யுங்க சார்!"

கேப்ரியல் திரையைப் பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தம் இறங்கிப்போனது. டத்தோவைப் பார்த்தார், படக்காரர்களைப் பார்த்தார், யோசித்தார். ரத்தம் திரும்ப ஏறியது.

"ஐயா, நிதானமாக் கேளுங்க. இது மோசடின்னு வெச்சிக்கிட்டா, டத்தோ மோசடிக்காரனுக்குப் பணம் அனுப்புனாருன்னு ஆவும். அப்படி ஆக முடியாது. அதனால இது மோசடி இல்ல. உங்க தங்கச்சி நல்ல முதலீடுதான் செஞ்சிருக்காங்க. வாழ்த்துகள்."

பக்கத்தில் நின்ற வெண்டி, "அங்கிள், இப்ப ஏமாந்துட்டாங்கல்ல? திங்கக்கிழம வாங்க, மொத நம்பர் உங்களுக்குத்தான்," என்றாள்.

"ஏமாறலன்னு இப்பத்தானே சொன்னேன் வெண்டி?"

"அப்ப ஏமாறாதவங்க கவுண்டரா சார்?"

"பணம் போயிருச்சே, எப்படி ஏமாறாதவங்க ஆவாங்க?" கேப்ரியல் எரிச்சலோடு சொல்லிவிட்டு டத்தோவைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார்.

ஐயாவு திரும்பிப் பார்த்தபோது பாப்பாவைக் காணவில்லை. அவளைச் சுற்றி மஞ்சள் சட்டைக் கூட்டம். "டத்தோவே அமுக்கிட்டாரு, அப்ப நல்ல கம்பெனிதான் போல," என்றார் ஒருவர். "அக்கா, அந்தத் தம்பி நம்பரக் குடுங்கக்கா, எங்களுக்கும் மரம் இருக்கான்னு கேப்போம்." "நாங்களும் பதினோராங்கட்டைதான்க்கா!" பாப்பா ஷர்வினின் நம்பரை ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, பத்துப் பதினைந்து பேர் போனில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐயாவு கூட்டத்தைப் பிளந்து போய், தங்கையின் கைப்பையிலிருந்து பேங்க் அட்டையை எடுத்தார். அட்டையின் பின்னால் இருந்த நம்பருக்குத் தன் போனில் அடித்தார். மலாயில் ஒரு பெண் எடுத்து, பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். விசயத்தைச் சொன்னார்.

"ஐயா, கணக்குக்காரங்க வாயால கேக்கணும். அம்மாகிட்ட குடுங்க."

ஐயாவு போனைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். தான் ஏமாந்துவிட்டதாகப் பாப்பா சொல்லமாட்டாள். கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டாள். இவ்வளவு பேர் அவளை அக்கா அக்கா என்று சூழ்ந்து நிற்கும்போது சத்தியமாகச் சொல்லமாட்டாள். அவள் நானேதான் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"பேங்க்காரவங்க பாப்பா," என்றார். "யாரு அமுக்குனதுன்னு கேக்குறாங்க. வேற ஒண்ணும் பேசாத. உள்ளத மட்டும் சொல்லு."

பாப்பாவின் முகம் மலர்ந்தது. கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஆமாம்மா, பாப்பாதான் பேசுறேன். நானா அனுப்புனேன்? ஐயோ இல்லம்மா! என் கையி ராசியில்லாத கையி, நான் தொடவே இல்ல. டத்தோதான் என் போன வாங்கி அமுக்குனாரு. ரெண்டு தடவ அமுக்குனாரும்மா!"

"எந்த டத்தோம்மா?"

"டத்தோ ஜெயபாலன்!"

"உங்களுக்குச் சொந்தக்காரரா?"

"சொந்தமா? இன்னிக்குத்தான் மொதல்ல பாக்குறேன்."

"அப்ப உங்க ரகசிய நம்பர் அவருக்கு எப்படிம்மா தெரிஞ்சிச்சி?"

"அவருதான் போடச் சொன்னாரு. மைக்குல சொன்னாரு."

தட்டெழுத்துச் சத்தம் வேகமாகக் கேட்டது. மஞ்சள் சட்டைக்காரர்கள் போனைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, புதுக் கணக்குக்குப் போறதுனால பணம் இன்னும் எங்ககிட்டதான் நிக்குது. தடுத்துட்டேன். உங்க கணக்கையும் பூட்டி வெச்சிருக்கேன். அந்தாளு பேரையும் எழுதிக்கிட்டேன்."

ஐயாவு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா தடுத்த? அவரு அமுக்குனதுல என்ன தப்பு?" என்றாள் பாப்பா.

"அந்தாளு இப்ப எங்கம்மா இருக்காரு?"

பாப்பா எட்டிப் பார்த்தாள். "இங்கதான் இருக்காரு. பிரியாணி சாப்புடுறாரு."

"இனிமே அவருகிட்ட போனக் குடுத்துறாதீங்க."

"நல்ல மனுசம்மா அவரு. எம்புட்டு மரியாதையாப் பேசுனாரு தெரியுமா?"

"அப்படித்தாம்மா பேசுவாங்க," என்றாள் அந்தப் பெண்.